நாலு கால் சொந்தம்: செவலைக்கு இனி மூன்று கால்

இந்தப் பகுதியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குச் செவலையைத் தெரியும். எங்கள் வீட்டு ஆரஞ்சு நிறக் கடுவன் பூனை. மீன்காரம்மாவின் குரல் தெருமுனையில் கேட்டால் போதும், மொட்டைமாடியிலிருந்து நாலே தாவலில் வாசலுக்கு வந்து நிற்பான். ஒன்றரை மாதமாக அவனைப் பற்றி நான் எழுதவே இல்லை. எழுதும் நிலையில் நான் இல்லை என்பதுதான் உண்மை.

ஒருநாள் ராத்திரி அவன் வீடு திரும்பவில்லை. மறுநாள் காலையில் கொல்லைப்புறம் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தான். வலது பின்னங்கால் துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ வண்டி ஏறியிருக்கிறது. கத்தவும் இல்லை, முனகவும் இல்லை. என்னைப் பார்த்ததும் மெல்லக் குர்ர்ர் என்றான். 'அப்பாடா, பெரிசா வலி இல்லை போல' என்று நினைத்துக்கொண்டேன். பூனைகளைப் பற்றி வாரம் தவறாமல் எழுதுகிற எனக்கே அன்றைக்குத் தெரியாத விஷயம், பூனை சந்தோஷத்தில் மட்டும் குர்ர்ர் என்பதில்லை, வலியிலும் பயத்திலும்கூட அப்படிச் செய்யும் என்பது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பெலும்பு தப்பியிருந்தது. சிறுநீர் சரியாகப் போனது. ஆனால் முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. பாதம் சில்லென்று இருந்தது. டாக்டர் விரலை இடுக்கியால் அழுத்திப் பிடித்தார். செவலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரத்த ஓட்டமும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. இரண்டு நாள் காத்திருந்தும் மாற்றமில்லை.

"காலைக் காப்பாத்தப் பாத்தா உயிரை விட்டுடுவோம்க்கா" என்றார் டாக்டர்.

"பாதத்தை மட்டும் எடுத்தாப் போதாதா?"

"பாதி கால் மிச்சம் இருந்தா, அதை ஊன்றத்தான் பாப்பான். தரையில இடிச்சு இடிச்சு எப்பவும் புண்ணாவே இருக்கும். தொடைக்கு மேலே எடுத்துட்டா அந்தத் தொல்லை இல்லை. பூனைக்கு உடம்பு பாரத்துல பாதிக்கு மேல முன்னங்கால்தான் தாங்குது. பின்னங்கால் ஒண்ணு போனாலும் சமாளிச்சிடுவான்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மாமியாருக்கு முகமே மாறிவிட்டது. "மூணு காலோட ஒரு ஜீவனை விட்டு வேடிக்கை பாக்கப் போறீங்களா? அதுக்கு ஒரு ஊசியைப் போட்டு நிம்மதியா அனுப்பிடுங்கம்மா. வெட்டறது மட்டும் வேணாம்" என்றார். அத்தை அப்படிப் பேசுகிறவரே இல்லை. செவலைக்கு முள் எடுத்து மீன் வைப்பவரே அவர்தான். ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் செவலை வீட்டுக்கு வந்தான்.

முதல் மூன்று ராத்திரிகள்

பாதி முதுகும் இடுப்பும் மழித்து, ஒரு ஜாண் நீளத் தையலோடு அவனைப் பார்த்ததும் என் சின்ன மகள் அடுத்த அறைக்கு ஓடிவிட்டாள். தையலைச் சுற்றிக் கன்றிப்போய் நீலமும் ஊதாவுமாக இருந்தது. முதல் சில நாட்களுக்கு அது சாதாரணம்தான் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் நான் மயங்கி விழுந்திருப்பேன்.

அன்று ராத்திரி அவன் கண்மணிகள் கறுப்புப் பொத்தான் மாதிரி விரிந்திருந்தன. சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எழுந்தால் தள்ளாடினான். 'என் செவலை இல்லை இது' என்று அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் போட்ட வலி ஊசியின் வேலை அது. ஓப்பியாய்டு வகை மருந்துகள் பூனைக்குக் கண்மணியை விரிக்கும், சிலதுகளுக்குத் தலைகால் புரியாத மாதிரியும் இருக்கும். மருந்து இறங்க இறங்கச் சரியாகிவிடும்.

வீட்டில் கொடுக்க இரண்டு மருந்துகள் தந்திருந்தார்கள். ஒன்று மெலாக்சிகாம், வீக்கத்தையும் வலியையும் குறைப்பது. சாப்பிட்ட பிறகுதான் தர வேண்டும், அதுவும் டாக்டர் சொன்ன சொட்டு, சொன்ன நாள் மட்டும்தான். கூடினால் சிறுநீரகத்தைத் தாக்கும். அதற்காகவே ஆபரேஷனுக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்திருந்தார்கள். இரண்டாவது கேபாபென்டின், நரம்பு வலிக்கானது. கொஞ்சம் தூக்கமும் தள்ளாட்டமும் தரும். இரண்டையும் எடை போட்டுப் பார்த்துத்தான் டாக்டர் அளவு எழுதியிருந்தார். அதனால் இங்கே நான் அளவு எதுவும் சொல்லப் போவதில்லை. உங்கள் பூனையின் எடையும் சிறுநீரகமும் வேறு.

மருந்து கொடுக்கும் முறையை மட்டும் சொல்கிறேன். தலையை அண்ணாந்து பிடித்து வாயில் ஊற்றாதீர்கள், புரையேறும். ஒரு துண்டில் உடம்பைச் சுற்றி, ஊசியில்லாத சிரிஞ்சைக் கடைவாய் ஓரமாக நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். முடிந்ததும் அவனுக்குப் பிடித்த ஏதாவது ஒரு வாய்.

நான் செய்த தப்பு

நாலாம் நாள் செவலை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தான். சத்தமில்லை. தொட்டால் சீறவும் இல்லை. "அமைதியா தூங்குறான், வலி விட்டுடுச்சு" என்றார் என் கணவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. எந்நேரமும் மயக்கமாகவே கிடக்கிறானே என்று அன்றைக்கு இரண்டு வேளை நரம்பு மருந்தை நானே நிறுத்தினேன். டாக்டரைக் கேட்கவில்லை.

ராத்திரி ஒரு மணி இருக்கும். தடதடவென்று சத்தம். விளக்கைப் போட்டால், செவலை வட்டமாகச் சுழல்கிறான். கழுத்தில் மாட்டிய புனல் மாதிரியான பிளாஸ்டிக் காலர் சுவரில் இடிக்கிறது. ஏதோ கடித்த மாதிரித் திடீரென்று பின்னால் திரும்புகிறான். இல்லாத காலைப் பார்க்கிறான். முதுகுத் தோல் அலை அலையாகத் துடிக்கிறது. இரண்டடி ஓடுகிறான், விழுகிறான், மறுபடி திரும்பிப் பார்க்கிறான்.

சத்தம் கேட்டு அத்தை எழுந்து வந்தார். கையில் ஒரு சின்ன பாட்டில். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கிய பாராசிட்டமால் சிரப். "குழந்தைக்கே குடுக்கறது தானம்மா. அரை மூடி ஊத்து. துடிக்கிறான் பாரு" என்றார்.

மூடியைத் திறந்தும்விட்டார். நான் பாட்டிலைப் பிடுங்கினேன். அந்த ஒரு விஷயமாவது எனக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். நம் ஈரல் அந்த மருந்தைக் கழித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் சரியாக இல்லை. மிச்சமாகிற நச்சு, ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுத்துவிடும். அப்புறம் ரத்தத்தால் பிராணவாயுவைச் சுமக்க முடியாது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரைகளும் அப்படித்தான். முழங்கால் வலிக்குத் தடவுகிற ஜெல்லைக்கூட நக்க விடக் கூடாது. தெரியாமல் கொடுத்துவிட்டால் 'பார்க்கலாம்' என்று உட்கார வேண்டாம், அந்த நிமிஷமே கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள். சீக்கிரம் போனால் மாற்று மருந்து உண்டு.

டாக்டரின் அவசர எண்ணுக்கு அடித்தேன். நல்லவேளை, எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். மருந்தை நிறுத்தியதையும் சொன்னேன்.

"வலி வந்த பிறகு துரத்திப் பிடிக்கறது கஷ்டம்க்கா. வராம தடுக்கறதுக்குத்தான் மணி பாத்துக் குடுக்கச் சொன்னேன். கால் இல்லைன்னாலும் அந்தக் காலுக்குப் போன நரம்போட அறுபட்ட நுனி அங்கேதான் இருக்கு. அது மூளைக்குச் சேதி அனுப்பிட்டே இருக்கும். இப்ப ஒரு வேளை குடுங்க. விட்டதுக்குச் சேத்து ரெண்டு மடங்கா குடுத்துடாதீங்க. காலைல கூட்டிட்டு வாங்க."

மருந்து கொடுத்தேன். அறையை இருட்டாக்கிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தோம். அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"உங்க மாமாவும் இப்படித்தான்."

மாமாவுக்குச் சர்க்கரையால் இடது கால் எடுத்தது நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பு. அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

"பாதி ராத்திரில எழுந்து உக்காந்துக்குவார். கட்டைவிரல் எரியுதுடி, கொஞ்சம் தேய்ச்சுவிடும்பார். எங்கே தேய்க்க? காலே இல்லையே. மனசுதாங்க காரணம், பேசாம படுங்கன்னு சொல்லிட்டு நான் திரும்பிப் படுத்துக்குவேன். ரெண்டு வருஷம் இருந்தார். அப்புறம் அவரும் சொல்றதை நிறுத்திட்டார். வலி போயிடுச்சுன்னு நினைச்சேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? செவலைக்குக் காலை எடுக்க வேண்டாம் என்று ஏன் சொன்னார் என்பது அப்போதுதான் புரிந்தது.

மறுநாளிலிருந்து மருந்து வேளை அத்தையின் பொறுப்பு. சமையலறைக் காலண்டரில் மணி எழுதி, கொடுத்ததும் ஒரு கோடு போடுவார். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

முகத்தைப் பாருங்கள்

காலையில் போனபோது டாக்டர் எனக்கு ஒரு பாடம் எடுத்தார். பூனை தன் வலியை மறைக்கும். காட்டில் பெரிய மிருகங்களுக்கு இரையாகிற சின்ன மிருகம் அது. பலவீனத்தைக் காட்டினால் ஆபத்து என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. அதனால் கத்தவில்லை என்றால் வலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஒளிவது, சாப்பிடாமல் இருப்பது, உடம்பைக் குறுக்கி உட்கார்வது, நக்கிச் சுத்தம் செய்துகொள்ளாதது எல்லாமே அது வலியைச் சொல்கிற விதம்.

முகத்தை வைத்தே வலியை அளக்கவும் ஒரு முறை இருக்கிறது. கனடாவில் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள் 2019-ல் வெளியிட்டது. பெயர் 'ஃபெலைன் கிரிமேஸ் ஸ்கேல்'. ஐந்து இடங்களைப் பார்க்க வேண்டும்.

காது: நேராக முன்னால் பார்த்தால் நல்லது. விலகிப்போய், வெளிப்பக்கம் திரும்பிப் படிந்தால் வலி.

கண்: நன்றாகத் திறந்திருக்கிறதா, பாதி மூடி இடுங்கியிருக்கிறதா?

மூக்கு, வாய்ப் பகுதி: தளர்ந்து உருண்டையாக இருக்கிறதா, இறுகி நீள்வட்டமாக இருக்கிறதா?

மீசை: தளர்ந்து வளைந்திருந்தால் நல்லது. விறைத்து நேராக நின்றால் வலி.

தலை: தோளுக்கு மேலே நிமிர்ந்திருக்கிறதா, தோளுக்குக் கீழே தொங்கி மோவாய் நெஞ்சை நோக்கி இறங்கியிருக்கிறதா?

ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். மொத்தம் 10. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலி மருந்து தேவைப்படலாம், டாக்டரிடம் பேச வேண்டும். தூங்கும்போதும் சாப்பிடும்போதும் நக்கிக்கொண்டிருக்கும்போதும் மதிப்பெண் போடக் கூடாது. விழித்து, சும்மா இருக்கும்போது பார்க்க வேண்டும்.

கட்டிலுக்கு அடியில் படுத்திருந்த செவலையை நாலாம் நாள் மகள் போனில் படம் எடுத்திருந்தாள். அதைப் பார்த்து மதிப்பெண் போட்டேன். ஏழு. நாங்கள் 'அமைதியாத் தூங்குறான்' என்று சொன்ன முகம் அது.

வீட்டை மாற்றினோம்

இப்போதெல்லாம் எல்லா வீட்டிலும் வழுக்குகிற டைல்ஸ் தரைதான். மூன்று கால் பூனைக்கு அதுதான் முதல் எதிரி. கோரைப்பாய் போட்டோம், பாயே நழுவியது. பழைய யோகா விரிப்பை வெட்டி, படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், அங்கிருந்து மண் தட்டு வரைக்கும் பாதை மாதிரிப் போட்டதும்தான் நம்பிக்கையாக அடி வைத்தான்.

முதல் இரண்டு வாரம் ஒரே அறை. கட்டில், நாற்காலி, ஜன்னல் திண்டு எதிலும் ஏற விடவில்லை. மண் தட்டின் ஒரு பக்க விளிம்பை வெட்டித் தாழ்த்தினோம். மண்துகள் தையலில் ஒட்டும் என்பதால், தையல் ஆறும்வரை நியூஸ்பேப்பரைக் கிழித்துப் போட்டோம். உட்காரும்போது சாய்ந்து விழப் பார்த்தான். இரண்டு நாள் இடுப்பை லேசாகத் தாங்கிப் பிடித்தேன். மூன்றாம் நாள் 'விடு' என்பது போல் ஒரு பார்வை பார்த்தான். விட்டுவிட்டேன்.

சாப்பாடு பெரிய கவலை. பூனை இரண்டு, மூன்று நாள் சேர்ந்தாற்போல் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். குண்டுப் பூனைகளுக்கு இது இன்னும் வேகமாக வரும். ஒரு நாள் முழுக்க எதுவும் தொடவில்லை என்றாலே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மத்தி மீனை உப்பு, காரமில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, இளஞ்சூட்டில் வைத்தோம். சூடாக இருந்தால் வாசனை தூக்கும், வாசனை வந்தால் பூனை எழுந்து வரும். குழம்பு மீன் ஆகாது. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம்.

காலரைப் பாவம் பார்த்துக் கழற்றாதீர்கள். பூனை நாக்கு அரம் மாதிரி. பத்து நிமிஷத்தில் தையலைப் பிரித்துவிடும். மஞ்சள், பினாயில் வகைக் கிருமிநாசினி எதையும் புண்ணில் வைக்க வேண்டாம். நக்கினால் வயிற்றுக்குள் போகும். தினம் இரண்டு வேளை தையலை வெறுமனே பார்த்தால் போதும். சீழ், துர்நாற்றம், கூடிக்கொண்டே போகும் வீக்கம், தையல் விட்டுப்போவது, ரத்தம் சொட்டுவது, ஒரு நாளுக்கு மேல் சிறுநீர் போகாதது, அயர்ந்து தூங்கும்போது நிமிஷத்துக்கு 30-க்கு மேல் மூச்சு, இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

12-ஆம் நாள் தையல் பிரித்தார்கள். நரம்பு மருந்தை ஒரேயடியாக நிறுத்தாமல், டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். திரும்பிப் பார்ப்பது மூன்றாவது வாரம் குறைந்தது. இப்போது எப்போதாவது ஒரு தடவை. அப்போதெல்லாம் அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

இனிமேல் எடைதான் முக்கியம். நாலு கால் சுமந்ததை மூன்று கால் சுமக்க வேண்டும். பாவம் என்று கூட ஒரு மீன் வைத்தால், பாரம் ஏறுவது மிச்சமிருக்கும் காலின் மூட்டில். அத்தைக்கு இதைப் புரியவைக்கத்தான் படாத பாடு பட்டேன்.

போன வாரம் மீன்காரம்மா குரல் கேட்டது. செவலை படிக்கட்டில் முயல் மாதிரித் தத்தித் தத்தி இறங்கினான். நாலு தாவல் இல்லை, பதினைந்து இருக்கும். ஆனால் மீன்காரம்மா கூடையை இறக்குவதற்குள் வாசலில் இருந்தான். "அடப்பாவி, காலு எங்கேடா?" என்றார் அவர். செவலைக்கு அந்தக் கேள்வியே காதில் விழவில்லை. கண் கூடைமேல் இருந்தது.

ஒரே ஒரு வேலை மட்டும் அவனால் இனி முடியாது. வலது காதைச் சொறிய வலது பின்னங்கால் வேண்டும். அரிக்கும்போது தலையைச் சாய்த்து, இடுப்பை மட்டும் விறுவிறுவென்று ஆட்டுவான். இல்லாத கால் சொறிகிறது. முதன்முதலில் பார்த்தபோது மகள் சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள். அந்தப் பக்கக் காதை நாம்தான் துடைத்து, பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

தினமும் சாயங்காலம் அத்தை திண்ணையில் உட்கார்ந்ததும் செவலை வந்து வலது பக்கத்தைக் காட்டிப் படுத்துக்கொள்கிறான். அத்தை சீரியல் ஆரம்பிக்கும்வரை சொறிந்துவிடுகிறார். நேற்று நான் காபி கொண்டுபோனபோது, "இங்கேயாடா? இன்னும் கொஞ்சம் கீழேயா?" என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.